சுவிஸ் ஆல்ப்ஸில் பனிச்சரிவு: காப்புக் காட்டிலிருந்து அபாய அறிக்கை வரை

சுவிட்சர்லாந்தின் உர்செரன் பள்ளத்தாக்கில், ஆண்டர்மாட் ஊரின் தலைக்கு மேலே முக்கோண வடிவில் ஒரு சிறு காடு நிற்கிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மரங்களெல்லாம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மேய்ச்சலுக்கும் அடுப்புக்கும் போய்விட்டன. இந்தத் துண்டுக் காடு மட்டும் தப்பியதற்குக் காரணம் 1397இல் ஊரார் எழுதி வைத்த சாசனம். இந்தக் காட்டில் மரம் வெட்டக் கூடாது, இதிலிருந்து எதையும் எடுத்துச் செல்லக் கூடாது, மீறினால் தண்டம். விறகில்லாமல் ஒரு குளிர்காலத்தைக் கடத்த முடியாத ஊர், கண்ணெதிரே நிற்கும் விறகைத் தொடாமல் இருக்கத் தீர்மானித்தது சாதாரண விஷயமில்லை. காடு போனால் பனி வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இத்தகைய காடுகளை ஜெர்மன் மொழியில் 'பான்வால்ட்' என்பார்கள். தடைக்காடு என்று பொருள். ஆல்ப்ஸ் முழுவதும் இவை இருந்தன. 1804இல் வெளியான ஷில்லரின் 'வில்லியம் டெல்' நாடகத்திலும் இந்தக் காடு வருகிறது. அந்த மரங்களை வெட்டினால் ரத்தம் கசியும் என்று மாடு மேய்ப்பவர் சொன்னதாக மகன் கேட்கிறான். காடு இல்லாவிட்டால் பனிச்சரிவு ஊரை எப்போதோ புதைத்திருக்கும் என்று தகப்பன் விளக்குகிறான். சட்டம் எட்டாத இடத்தில் பயம் காவல் நின்றிருக்கிறது.

காடு பனியைத் தடுக்கும் விதம் பலரும் நினைப்பதுபோல் அல்ல. பாய்ந்து வரும் பனிச்சரிவின் எதிரே மரங்கள் ஒன்றுமே இல்லை. தீக்குச்சிகள்போல முறிந்து அதனோடு சேர்ந்து வந்து வீடுகளை இடிக்கும். காட்டின் பயன் சரிவு தொடங்கும் இடத்தில்தான். கிளைகள் பனியை ஏந்தி, கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்கின்றன. அப்படி விழும் கட்டிகள் கீழே படிந்த பனியைக் குழப்பிவிடுவதால் ஒரே சீரான அடுக்கு உருவாவதில்லை. அடிமரங்கள் பனியை ஆணியடித்ததுபோல் பிடித்து நிறுத்துகின்றன. மரம் முளைக்காத உயரத்தில் பிறக்கும் சரிவுக்கு இந்தக் காவல் செல்லாது.

ஆல்ப்ஸின் பனிச்சரிவு பற்றிய எழுத்துச் சான்றுகள் ஆண்டர்மாட் சாசனத்தைவிடப் பழையவை. கணவாய் வழியே செல்லும் கூட்டங்களை முழுதாக வாரிச் சென்று கீழே பள்ளங்களில் தள்ளும் பனித்தட்டுகளைப் பற்றிக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். ஆனால் அவை வழிப்போக்கர் கண்ட ஆபத்துகள். பனிச்சரிவு ஊர்களின் கவலையாக மாறியது இடைக்காலத்தின் பிற்பகுதியில்தான். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் வால்சர் என்ற ஜெர்மன் பேசும் உழவர்கள் உயரமான பள்ளத்தாக்குகளில் குடியேறி, காட்டை அழித்துப் புல் வளர்த்து, ஆண்டு முழுவதும் அங்கேயே வாழத் தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலத்துக்காக வெட்டிய காடே பனிக்கு வழிவிட்டது.

பனிச்சரிவைக் குறிக்கும் 'லவீனே' என்ற ஜெர்மன் சொல் நழுவுதலைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து ரொமான்ஷ் மொழி வழியாக வந்தது. மலைக்கிராமங்களில் ஒவ்வொரு சரிவுப் பாதைக்கும் ஓடைக்குப் பெயர் இருப்பதுபோலத் தனிப் பெயர் உண்டு. எந்த ஓடைவழியே எது வரும், எவ்வளவு தூரம் எட்டும், எந்தத் தாத்தாவின் காலத்தில் எந்தக் களஞ்சியம் வரை வந்தது என்பதெல்லாம் ஊரின் நினைவில் இருந்தது. வீடு கட்டும் இடம் அந்த நினைவைக் கேட்டே முடிவாயிற்று. வேறு இடமில்லாதபோது கட்டடத்தையே மாற்றினார்கள். டாவோஸ் பள்ளத்தாக்கில் ஃப்ராவன்கிர்ஹ் என்ற சிற்றூரின் தேவாலயம் 1602இல் பனிச்சரிவில் சேதமடைந்தது. திருப்பிக் கட்டியபோது மலையை நோக்கிய பின்சுவரைக் கப்பலின் முகப்புப்போலக் கூராக எழுப்பினார்கள். வரும் பனி அதில் மோதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் ஓடிவிடும் என்பது கணக்கு. அந்தக் கூர்முனை இன்றும் அப்படியே நிற்கிறது. சாலையிலிருந்து பார்த்தால் கோயில் மலையேறப் புறப்பட்டதுபோலத் தோன்றும். எளிய உழவர் வீடுகளுக்கும் மேல்புறத்தில் கல்லும் மண்ணும் குவித்து இதே முறையில் ஆப்பு வைத்தார்கள்.

நினைவுக்கு ஒரு குறை உண்டு. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் சரிவை யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். 1719 ஜனவரியில் வாலே மாநிலத்தின் லாய்க்கர்பாட் ஊரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் அதே மாநிலத்தின் ஓபர்கெஸ்டெல்ன் ஊரில் எண்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் இதைத் தெய்வ தண்டனை என்றார்கள். சூனியக்காரிகள் பனியின்மேல் ஏறி வருவதாகச் சொன்ன ஊர்களும் உண்டு.

சத்தத்தைப் பற்றிய அச்சமும் அந்தக் காலத்தது. கணவாய்களில் சரக்கேற்றிய கழுதைகளின் கழுத்துமணியைக் கழற்றிவிடுவார்கள், வழிப்போக்கர்கள் வாய்பேசாமல் நடப்பார்கள். கத்தினால் பனி சரியும் என்ற இந்த நம்பிக்கை திரைப்படங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உண்மையில் மனிதக் குரல் தரும் அழுத்தம் பனியடுக்கை உடைக்க எந்த வகையிலும் போதாது. பனியை உடைப்பது எடை: புதுப்பனியின் எடை, வெடிமருந்தின் அதிர்ச்சி, அல்லது மேலே நிற்கும் மனிதனின் எடை. மௌனமாக நடந்த வழிப்போக்கனுக்கு மௌனத்தால் பயன் இல்லை; ஒருவர் பின் ஒருவராக இடைவெளிவிட்டு நடந்திருந்தால் அதனால் பயன் இருந்திருக்கும்.

11ஆம் நூற்றாண்டில் பெரிய புனித பெர்னார்ட் கணவாயில், 2,469 மீட்டர் உயரத்தில் நிறுவப்பட்ட துறவியர் சத்திரம் பனியில் வழிதவறியவர்களைத் தேடுவதையே பணியாகக் கொண்டது. பிற்காலத்தில் அங்கே வளர்த்த பெருநாய்கள் உலகப் புகழ் பெற்றன. 1800 முதல் 1814 வரை வாழ்ந்த பாரி என்ற நாய் நாற்பது பேரைக் காத்ததாகச் சொல்வார்கள். அதன் பாடம் செய்த உடல் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தில் தொங்கும் பிராந்திப் பீப்பாய் மட்டும் ஓவியர்களின் கைவரிசை.

சரிவுகளை எண்ணிப் பதிந்து வைக்கவேண்டும் என்று முதலில் கருதியவர்கள் வனத்துறையினர். யோஹான் கோவாஸ் 1822இல் பிறந்தவர். நில அளவைப் பணியில் இருந்தபோது 1850இல் பிட்ஸ் பெர்னினா சிகரத்தில் முதன்முதலாக ஏறியவர். 1875இல் சுவிஸ் கூட்டரசின் தலைமை வன ஆய்வாளரானார். தொண்ணூறு வயது கடந்த பிறகே பதவியைவிட்டு இறங்கினார். வனக்காவலர்களுக்குப் படிவங்கள் அனுப்பி, எந்தப் பாதையில் என்று எவ்வளவு பனி வந்தது, எத்தனை மரம் போயிற்று என்று எழுதி வாங்கினார். 1881இல் சுவிஸ் ஆல்ப்ஸின் பனிச்சரிவுகள் பற்றிய அவருடைய நூல் வெளியானது. 1910இல் மற்றொன்று வந்தபோது ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட சரிவுப் பாதைகள் பதிவேட்டில் இருந்தன. ஊர்க் கிழவர்களின் நினைவு அரசுக் காகிதமாகிவிட்டது.

கோவாஸின் இன்னொரு பங்களிப்பு தடுப்பு வேலை. பனியைக் கீழே எதிர்கொள்வதைவிட, அது கிளம்பும் இடத்திலேயே கட்டிப்போடுவது மேல் என்பது அவர் கொள்கை. தொடக்கச் சரிவில் வரிசை வரிசையாகக் கற்சுவர்களும் மண்திட்டுகளும் எழுப்பி, இடையில் மரம் நடவைத்தார். கீழ் எங்கடீன் பள்ளத்தாக்கில் 1868இல் இதற்கான முதல் முயற்சிகள் நடந்தன. 1876இல் வந்த கூட்டரசு வனச் சட்டம் மலைக்காடுகளை அழிவிலிருந்து காத்தது. ஆண்டர்மாட் ஊர் 1397இல் செய்ததை நாடு அப்போது செய்தது என்றால் மிகையில்லை.

தடுப்பு வேலைக்கு அடுத்துத் தேவையை உருவாக்கியது ரயில். ஊர் பனிக்கு ஒதுங்கி வாழலாம், தண்டவாளம் ஒதுங்க முடியாது. கோட்ஹார்ட், அல்புலா, லோட்ஷ்பெர்க் என்று வழித்தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலைக்குள் நுழைந்தபோது, சரிவுப் பாதைகளைக் குறுக்கே கடந்தே தீரவேண்டியிருந்தது. லோட்ஷ்பெர்க் சுரங்கம் தோண்டும்போது, 1908 பிப்ரவரி 29 மாலை, கோப்பன்ஷ்டைன் வேலைத்தளத்தின் உணவு விடுதியைப் பனிச்சரிவு தாக்கியது. சாப்பாட்டு மேசையில் இருந்தவர்களில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். ரயில் நிறுவனங்கள் கற்சுவர்களுக்கும் கூரையிட்ட நடைகூடங்களுக்கும் தாராளமாகச் செலவிடத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான்.

இதுவரை எல்லோரும் கேட்டுவந்த கேள்வி ஒன்றுதான்: பனி எங்கே விழும்? அது ஏன் நழுவுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தேவையும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நார்வேயிலிருந்து சறுக்குக் கட்டைகள் வந்தன. வேட்டைக்காரர்களும் கடத்தல்காரர்களும் தவிர யாரும் போகாத குளிர்கால மலைக்குள் நகரத்து இளைஞர்கள் போகத் தொடங்கினார்கள். ஊரைத் தேடிப் பனி வந்த காலம் போய், பனியைத் தேடி மனிதன் போன காலம் வந்தது. பெயரிட்ட பெரும்பாதைகள் இவர்களைக் கொல்லவில்லை. பெயரில்லாத, முந்நூறு அடி அகலம்கூட இல்லாத சிறு சரிவுகள் கொன்றன. கிழவர்களின் நினைவில் அவற்றுக்கு இடமில்லை.

இந்தப் புதிய கேள்வியை முதலில் எடுத்தவர்கள் சறுக்குவோரே. ஜெர்மானிய நிலவியலாளர் வில்ஹெல்ம் பௌல்கே பனியில் குழி வெட்டி அடுக்குகளைப் படித்தார். கல்லடுக்கைப் படித்துப் பழகியவருக்குப் பனியடுக்கு புதிராகத் தெரியவில்லை. ஆஸ்திரியச் சறுக்கு ஆசான் மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி தம் உடம்பாலேயே பாடம் கற்றார். 1916இல் ராணுவப் பணியில் இருந்தபோது சரிவில் சிக்கி ஏராளமான எலும்பு முறிவுகளோடு பிழைத்தவர், பனிச்சரிவைப் பற்றி ஒரு நூல் எழுதினார்.

அந்த 1916 ஆல்ப்ஸ் போர்முனையின் மிகக் கொடிய குளிர்காலம். முதல் உலகப்போரில் இத்தாலியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் மூவாயிரம் மீட்டர் உயரத்தில் எதிரெதிரே அமர்ந்திருந்தன. டிசம்பர் 13 அன்று அதிகாலை மர்மோலாடா மலையில் ஆஸ்திரியப் படைவீடு ஒன்றின்மேல் சரிவு விழுந்தது. ஏறத்தாழ 270 பேர் இறந்தார்கள். அந்த இடம் ஆபத்தானது, மாற்றித் தாருங்கள் என்று படைவீட்டுத் தலைவர் முன்பே எழுதிக் கேட்டிருந்தார், மேலிடம் மறுத்துவிட்டது. துப்பாக்கிக் குண்டுக்கு மறைவான இடமும் பனிக்கு மறைவான இடமும் ஒன்றல்ல என்பது மலைப்போரின் தீராச் சிக்கல். நூறாண்டு கழித்து, 2016 பிப்ரவரி 3 அன்று, சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் இருந்த இந்தியக் காவல்நிலை ஒன்று புதைந்தபோது மெட்ராஸ் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். பத்துப் பேரில் ஒருவரான கர்நாடக வீரர் ஆறு நாளுக்குப் பின் உயிரோடு மீட்கப்பட்டு, மருத்துவமனையில் இறந்துபோனார்.

அறிவியல் முறையான ஆய்வு டாவோஸ் நகரில் பிறந்தது. 1931இல் சுவிஸ் அரசு பனி, பனிச்சரிவு ஆய்வுக்கென ஒரு குழுவை அமைத்தது. ஒரு சில ஆண்டுக்குள் மண் பொறியாளர் ராபர்ட் ஹேஃபெலியும் படிகவியல் அறிந்த ஹென்றி பாடரும் சில துணைவர்களும் ஊருக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்ற மலைத்தோளில் ஒரு மரக்குடிலில் வேலையைத் தொடங்கினார்கள். புதிதாகப் போட்டிருந்த பார்சென் மலைரயில் அவர்களை மேலே கொண்டுபோய்விட்டது. அது இல்லாவிட்டால் 2,600 மீட்டர் உயரத்தில் குளிர்காலம் முழுக்க ஆய்வு நடத்தியிருக்க முடியாது.

அவர்கள் செய்த வேலை வெளியிலிருந்து பார்த்தால் பித்துக்குளித்தனமாகத் தோன்றும். பனியில் ஆளுயரக் குழி வெட்டி, வெட்டுமுகத்தைத் தூரிகையால் நீவி, அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள். கூம்பு முனை கொண்ட ஒரு குழாயைப் பனிமேல் நிறுத்தி, எடைக்கல்லை அளந்த உயரத்திலிருந்து விழவிட்டு, ஒவ்வோர் அடிக்கும் எவ்வளவு இறங்கியது என்று குறிப்பார்கள். ஹேஃபெலி வடிவமைத்த அந்தக் கருவி இரும்புபோல் இறுகிய அடுக்கையும் அதன் அடியில் குழைந்து கிடக்கும் அடுக்கையும் வரைகோடாகக் காட்டிவிடும். பிறகு குளிரறையில் மெல்லிய பனிச்சீவலை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பார்கள். ஆய்வின் முடிவுகள் 1939இல் 'பனியும் அதன் உருமாற்றமும்' என்ற நூலாக வந்தன. பின்னர் அமெரிக்கர்களும் அதை மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

நூலின் பெயரிலேயே கண்டுபிடிப்பு அடங்கியிருக்கிறது. விழுந்த பனி விழுந்தபடி இருப்பதில்லை. ஆறு கை விரித்த நட்சத்திரமாக வரும் துகள், தரையில் சேர்ந்த கணம் முதல் மாறத் தொடங்குகிறது. எல்லாம் ஒரே அளவு குளிராக இருந்தால் கைகள் மழுங்கி, துகள்கள் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டி, பனி இறுகும். அது நல்ல மாற்றம். ஆனால் பனிக்குக் கீழே தரை ஏறக்குறைய பூச்சியம் டிகிரியில் இருக்க, மேலே காற்று மைனஸ் இருபதுக்குப் போனால் கதை வேறு. கீழிருந்து நீராவி பனியின் இண்டு இடுக்குகள் வழியே மேலேறி, குளிர்ந்த துகள்களில் படிந்து உறையும். நாளடைவில் தட்டையான முகங்களும் கிண்ண வடிவமும் கொண்ட பெரும் படிகங்கள் உருவாகின்றன. கையில் அள்ளினால் சீனிபோல் உதிரும், பிடித்தால் உருண்டையாகாது. ஜெர்மன் மொழியில் இதை 'நீந்தும் பனி' என்பார்கள். தாங்கும் என்று நம்பிக் கால் வைத்தால் அமிழ்ந்துவிடும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பனி குறைவாக இருந்தால் ஆபத்தும் குறைவு என்றுதான் எவரும் எண்ணுவார்கள். மெல்லிய பனிப்போர்வையில்தான் தரைக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறுகிய ஆழத்தில் அடைபட்டு, சீனிப்பனி வேகமாக வளர்கிறது. நவம்பரில் கொஞ்சமாக விழுந்து, வானம் தெளிந்து, நாட்கணக்காகக் கடுங்குளிர் வாட்டும் ஆண்டுகளில் பிப்ரவரி மோசமாக இருக்கும். டாவோஸ் வட்டாரமும் எங்கடீனும் மத்திய ஆல்ப்ஸின் உட்பகுதியில் மழைமறைவாக இருப்பதால் அங்கே இது அடிக்கடி நேர்கிறது.

இந்த உதிரி அடுக்கின் மேல் காற்று கொண்டுவந்து அடித்த பனி இறுகிப் பலகைபோல் அமர்கிறது. பலகை தன் எடையில் நிற்கும். கீழே இருப்பது சீட்டுக்கட்டு வீடு. சறுக்குபவர் ஒருவரின் எடை ஓரிடத்தில் அதை நொறுக்கினால், நொறுங்கல் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் நாற்புறமும் பரவுகிறது. சமதளத்தில் இது நிகழ்ந்தால் 'வும்' என்ற தாழ்ந்த முழக்கம் மட்டும் கேட்கும், காலடி ஒரு கணம் அமுங்கும். முப்பது டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் நிகழ்ந்தால் மேலே ஒரு கோடு கிழிந்து, முழுப் பலகையும் பாளம் பாளமாக உடைந்து இறங்கத் தொடங்கும். சறுக்குவோரைக் கொல்லும் சரிவுகளில் பெரும்பாலானவை இந்தப் பலகைச் சரிவுகளே. அரை மீட்டர் தடிமனே போதும்.

இரண்டாம் உலகப்போரின்போது மலைக்காவலில் இருந்த சுவிஸ் ராணுவத்துக்கு இந்த அறிவு தேவைப்பட்டது. ராணுவம் தனக்கென்று பனிச்சரிவுச் சேவை ஒன்றை நடத்தியது. புதைந்தவரைத் தேட நாய்களையும் பழக்கியது. 1942இல் டாவோஸில் கூட்டரசின் பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் உருவாயிற்று. மறு ஆண்டு வைஸ்ஃப்ளூயோகில் மரக்குடில் இருந்த இடத்தருகே சொந்தக் கட்டடம் எழுந்தது. போர் முடிந்து, 1945 டிசம்பர் 21 அன்று, நிறுவனம் பொதுமக்களுக்கான முதல் பனிச்சரிவு அறிக்கையை வெளியிட்டது. வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை, அதாவது வாரக்கடைசிச் சறுக்குக்கு முன்னால்.

ஐந்தே ஆண்டில் பெரும் சோதனை வந்தது. 1951 ஜனவரியில் வடமேற்கிலிருந்து வீசிய புயல்கள் நாட்கணக்கில் இடைவிடாமல் பனியைக் கொட்டின. ஜனவரி 20, 21 தேதிகளில் மத்திய, கிழக்கு ஆல்ப்ஸ் முழுவதும் பெரும்பாதைகள் ஒருசேரத் திறந்துகொண்டன. கிராவ்புண்டன் மாநிலத்தின் வால்ஸ் ஊரில் 19 பேர் இறந்தார்கள். ஆண்டர்மாட் ஊரும் தப்பவில்லை. 13 பேர் அங்கே மாண்டார்கள். காப்புக் காடு தன் சரிவை மட்டுமே காக்கும், ஊரைச் சுற்றி வேறு சரிவுகளும் இருந்தன. பிப்ரவரியில் புயல் தெற்கே திரும்பியது. 12ஆம் தேதி திசினோ மாநிலத்தின் ஏரோலோவில் பத்துப் பேர். குளிர்காலம் முடிந்தபோது சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 உயிர்கள் போயிருந்தன. ஆஸ்திரியாவில் இதைவிட அதிகம். மூன்று ஆண்டு கழித்து, 1954 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரியாவின் ப்ளோன்ஸ் என்ற வால்சர் கிராமத்தைக் காலையில் ஒரு சரிவு தாக்கியது. மாலையில், மீட்பு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, வேறொரு மலையிலிருந்து இரண்டாவது வந்தது. அந்தச் சிற்றூரில் 57 பேர் இறந்தார்கள்.

பனிச்சரிவோடு அரசுகள் நடந்துகொள்ளும் விதம் இந்த இரு குளிர்காலங்களோடு மாறியது. கோவாஸின் கற்சுவர்கள் இருந்த இடத்தில் எஃகு வேலிகள் எழுந்தன. ஆளுயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் உயரமான தடுப்புகள் தொடக்கச் சரிவில் வரிவரியாக நிற்க, பனி கிளம்பும் முன்பே பிடிபட்டது. அரை நூற்றாண்டுக்குள் சுவிட்சர்லாந்தில் நட்ட வேலிகளை ஒரே நீளமாக வைத்தால் 500 கிலோமீட்டரைத் தாண்டும். அடோல்ஃப் வோல்மி என்ற பொறியாளர் இடிந்த கட்டடங்களை ஆராய்ந்து, ஓடும் பனியை நீரோட்டம்போல் கணக்கிடும் சமன்பாடுகளை 1955இல் வெளியிட்டார். பாதையின் சரிவும் பனியின் தடிமனும் தெரிந்தால் சரிவு எங்கே நிற்கும், எவ்வளவு அழுத்தம் தரும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். யாரும் பார்த்திராத, முந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் சரிவையும் காகிதத்தில் ஓட்டிப் பார்க்க முடிந்தது. இதே காலத்தில் அபாய வரைபடங்களும் வரத் தொடங்கின. 1954இல் காட்மென் ஊருக்கு முதல் வரைபடம் தயாரானது. சிவப்பு வண்ணப் பகுதியில் வீடு கட்டக் கூடாது, நீலத்தில் சுவரை வலுப்படுத்திக் கட்டலாம், வெள்ளையில் தடையில்லை. சிவப்புக்குள் விழுந்த நிலத்தின் விலை ஒரே நாளில் சரிந்ததால், ஊராட்சிகள் பல ஆண்டுகள் இழுத்தடித்த பிறகே இந்த வரைபடங்களை ஏற்றன.

1999 பிப்ரவரியில் மீண்டும் அப்படியொரு குளிர்காலம். நான்கு வாரத்தில் பல இடங்களில் ஐந்து மீட்டருக்கு மேல் பனி கொட்டியது. சுவிட்சர்லாந்தில் சேதம் விளைவித்த சரிவுகளின் எண்ணிக்கை 1951க்கு ஏறக்குறைய நிகர். மலைகளில் வீடுகளும் சாலைகளும் விடுதிகளும் அதற்குள் பன்மடங்கு பெருகியிருந்தும், ஊருக்குள்ளும் சாலையிலும் இறந்தவர்கள் 17 பேர். அவர்களில் 12 பேர் எவோலேன் சரிவில். எல்லையைத் தாண்டி ஆஸ்திரியாவில், கால்டூர் ஊரில், பிப்ரவரி 23 அன்று பாதுகாப்பானது என்று வரைபடம் சொன்ன பகுதிக்குள்ளும் பனி நுழைந்தது. 31 பேர் மாண்டார்கள். கணக்கு மனித நினைவைவிட நீளமானதுதான், ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

ஊர்களுக்கான போராட்டம் பெருமளவு வெற்றி பெற்ற அதே காலத்தில், சாவு மலைக்குள் இடம்மாறிவிட்டது. சுவிட்சர்லாந்தில் ஆண்டுக்குச் சராசரியாக இருபதுக்குச் சற்று மேற்பட்டோர் பனிச்சரிவில் இறக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல், காவலுள்ள தடங்களை விட்டு வெளியே போன சறுக்குவோரும் மலையேறுவோரும். அவர்களைக் கொன்ற சரிவைப் பெரும்பாலும் அவர்களே, அல்லது அவர்கள் கூட்டத்தில் ஒருவரே, தூண்டிவிட்டிருக்கிறார்கள்.

புதைந்தவரைக் கண்டுபிடிக்க 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீளமான சிவப்புக் கயிற்றை இடுப்பில் கட்டி இழுத்துக்கொண்டு சறுக்கினார்கள். நுனியாவது வெளியே தெரியும் என்ற நம்பிக்கை. 1968இல் அமெரிக்கப் பொறியாளர் ஜான் லாட்டன் உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோ கருவியை உருவாக்கினார். கூட்டத்தில் எல்லோருடைய கருவியும் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைச் சமிக்ஞை பெறும் நிலைக்கு மாற்றி, ஒலி வலுக்கும் திசையில் தேடுவார்கள். இன்று எல்லா நாட்டுக் கருவிகளும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. 1994இல் வெளியான ஓர் ஆய்வு இதன் அவசரத்தைக் காட்டியது. முழுதாகப் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டோரில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். 35 நிமிடம் ஆனால் மூன்றில் ஒருவர்கூட இல்லை. குளிர் கொல்வதற்கு வெகு முன்பே மூச்சுத் திணறல் கொன்றுவிடுகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. கூட இருப்பவர்தான் தோண்டவேண்டும்.

அதற்கு முன்னால், சரிவில் இறங்கலாமா என்பதை முடிவு செய்யும் கேள்வி இருக்கிறது. இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் நீளமும் உள்ள பனிக்கட்டத்தை நாற்புறமும் வெட்டித் தனியாக்கி, அதன்மேல் ஒருவர் ஏறி நின்று குதித்துப் பார்க்கும் சோதனை சுவிஸ் ராணுவத்தில் தோன்றியது. ஆய்வாளர்கள் 1980களில் அதற்கு அளவுகோல் வகுத்தார்கள். பெர்ன் மலைவழிகாட்டி வெர்னர் முன்டர் இதை ஏற்கவில்லை. பனியடுக்கு பத்தடிக்குப் பத்தடி மாறும், ஒரு குழி முழு மலையைச் சொல்லாது என்பது அவர் வாதம். அதற்குப் பதிலாக, அறிக்கை சொல்லும் அபாய நிலை, சரிவின் செங்குத்து, அது பார்க்கும் திசை, கூட்டத்தின் அளவு ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிடும் எளிய முறையை 1992இல் முன்வைத்தார். அறிவியலாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், வழிகாட்டிகள் எடுத்துக்கொண்டார்கள். அபாயம் மூன்றாம் நிலையில் இருந்தால் 35 டிகிரிக்கு மேற்பட்ட சரிவுகளை விலக்கு என்பது போன்ற கட்டளையைப் பனிக்காற்றிலும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும்.

1993இல் ஐரோப்பிய நாடுகள் ஒரே ஐந்துநிலை அளவுகோலுக்கு உடன்பட்டன: குறைவு, மிதமானது, கணிசமானது, அதிகம், மிக அதிகம். டாவோஸ் அறிக்கை இப்போது குளிர்காலம் முழுவதும் மாலை 5 மணிக்கும் மறுநாள் காலை 8 மணிக்கும் வெளியாகிறது. மலைமுகடுகளில் ஆளில்லாமல் நிற்கும் தானியங்கி நிலையங்களோடு, பள்ளத்தாக்குகளில் உள்ள ஏறத்தாழ இருநூறு நோக்கர்கள் அன்றாடம் அளந்து அனுப்பும் விவரங்களும் அதற்கு அடிப்படை. வைஸ்ஃப்ளூயோக் ஆய்வுத்திடலில் 1936இல் தொடங்கிய அளவீடு நின்றதில்லை. பனிச்சரிவை எதிர்கொள்ளும் இந்த மரபை 2018இல் சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் சேர்ந்து முன்மொழிய, யுனெஸ்கோ மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஐந்தாம் நிலை அறிவிக்கப்படும் நாட்களில் சறுக்கப் போய் இறப்பவர்கள் மிக அரிது. சாலைகளை மூடிவிடுவார்கள், எவரும் வீட்டைவிட்டு வெளியேறமாட்டார்கள். குளிர்காலத்தின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நாட்களுக்கு அறிவிக்கப்படும் மூன்றாம் நிலையில்தான், வானம் நீலமாகவும் பனி புதிதாகவும் இருக்கும் நாட்களில், மலைக்குள் இறப்பவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறக்கிறார்கள்.